முதல் நாவல் வெளிவந்தபோது கி.ரா-வுக்கு ஐம்பது தாண்டியிருந்தது! | இன்னொரு இன்னிங்ஸ்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது இடைசெவல். கரிசல் மண், பருத்தி, கம்பு, வானம் பார்த்த விவசாயம். 1923-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஒரு வார இடைவெளியில் அந்தச் சின்ன ஊரில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. 16-ம் தேதி பிறந்தவர் ராஜநாராயணன். 23-ம் தேதி பிறந்தவர் அழகிரிசாமி.

இருவரும் சேர்ந்து வளர்ந்தார்கள். சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து பாட்டு கேட்டார்கள். ஆனால், எழுத்து என்று வந்தபோது இருவருக்கும் வேறு வேறு வேகம். அழகிரிசாமிக்கு இருபது வயதையொட்டியே கதைகள் அச்சேறத் தொடங்கிவிட்டன. சென்னைக்குப் போனார், பத்திரிகைகளில் வேலை பார்த்தார், மலேசியாவுக்குப் போய் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றினார், கு.அழகிரிசாமி என்று தமிழ்நாடே அறிந்த சிறுகதைக்காரர் ஆனார்.

இன்னொருவர் ஊரிலேயே இருந்தார். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. இளம் வயதில் காசநோய் வந்து உடம்பைப் படுத்தியது. மீண்டு வந்து விவசாயம் பார்த்தார். விவசாயிகள் போராட்டங்களில் ஈடுபட்டுச் சிறைக்குப் போனார். 1954-ல் கல்யாணம், பிள்ளைகள், குடும்பம். அவருடைய முதல் சிறுகதையான 'மாயமான்' 'சரஸ்வதி' இதழில் வந்தபோது வயது முப்பத்தைந்தையொட்டி இருக்கும். முதல் நாவலான 'கோபல்ல கிராமம்' வெளிவந்த ஆண்டு 1976. கி.ராஜநாராயணனுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது.

பொதுவாக வீடுகளில் அந்த வயதில் என்ன நடக்கும்? பெண்ணுக்கு வரன் பார்ப்பார்கள், பையனின் வேலையைப் பற்றிக் கவலைப்படுவார்கள், சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பிப்பார்கள். 'நாவல் எழுதப் போறேன்' என்று யாராவது சொன்னால், 'உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதனால்தான் இந்த வாரம் இடைசெவலின் கதை.

நண்பர் இல்லாத ஆறு ஆண்டுகள்

கி.ரா எழுத வந்த கதையைச் சொல்கிறவர்கள், 'மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியவர்' என்று அவரே தன்னைக் கேலி செய்துகொண்டதிலிருந்து தொடங்குவார்கள். கேட்க நன்றாக இருக்கும். படிக்காத மேதை, தானாகப் பொங்கிய ஊற்று என்ற ஒரு சித்திரமும் நமக்குப் பிடித்தமானது. ஆனால், அது பாதிக் கதைதான். அவர் தனியாக எழுத வந்தவர் இல்லை.

அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஓர் எழுத்தாளர் இருந்தார். அழகிரிசாமி ஊரைவிட்டுப் போன பிறகும் கடிதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பின்னர் புத்தகமாகவே வந்தன. படித்த புத்தகம், கேட்ட கச்சேரி, சாப்பாடு, பணமுடை, இலக்கிய வம்பு என்று எல்லாமும் இரண்டு நண்பர்கள் பேசிக்கொள்கிற பாஷையில். இலக்கியப் பயிற்சிப் பட்டறை என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்திருந்தால், அதன் பாடத்திட்டம் இதைவிட நன்றாக இருந்திருக்காது.

அடுத்தது, ரசிகமணி டி.கே.சி-யின் வட்டம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே.சிதம்பரநாத முதலியார் வீட்டின் நடுவே இருந்த தொட்டிக்கட்டில் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கம்பனை ரசிப்பார்கள். 'வட்டத்தொட்டி' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. அங்கே யாரும் யாருக்கும் பரீட்சை வைக்கவில்லை. ஒரு பாட்டை எடுத்து, வாய்விட்டுச் சொல்லி, எந்தச் சொல் எங்கே விழுகிறது என்று அனுபவிப்பார்கள். டி.கே.சி குற்றாலத்துக்குக் குடிபோன பிறகு அந்த ரசனையும் கூடவே குடிபோனது. இடைசெவல் நண்பர்கள் இருவருமே டி.கே.சி-யிடம் பெரும் பற்று வைத்திருந்தவர்கள். பேசுகிற தமிழிலேயே எழுதலாம், அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை என்கிற தைரியம் கரிசல்காட்டு விவசாயி ஒருவருக்கு வந்ததில் அந்த வட்டத்துக்கும் பங்கு இருக்கிறது.

1970 ஜூலையில் அழகிரிசாமி இறந்துபோனார். 46 வயது. அந்த ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது 'அன்பளிப்பு' தொகுப்புக்காக அவருக்கு அறிவிக்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஒரு குரல் நின்றுபோனது.

அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது 'கோபல்ல கிராமம்'. ஆந்திரத்திலிருந்து தப்பித் தெற்கே வந்து, காட்டைத் திருத்திக் கரிசலில் குடியேறிய தெலுங்கு பேசும் குடும்பங்களின் கதை. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் என்ற பாட்டி, பழைய சங்கதிகளை எல்லாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். நாவலில் பாதி, கதை கேட்கிற சுகம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு, ஐம்பது ஆண்டுகள் மனசுக்குள் ஊறிக் கிடந்த விஷயங்கள் அவை. இருபத்தைந்து வயதில் எழுதியிருந்தால் அந்தப் பாட்டி அவ்வளவு நிதானமாகப் பேசியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத வேலை அது. 1989-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அந்த எட்டாம் வகுப்புக்காரரை அழைத்து, நாட்டார் வழக்காற்றியல் துறையில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. மற்றவர்கள் ஓய்வு பெறுகிற வயதில் அவருக்கு அரசு உத்தியோகம்! 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-ல் சாகித்ய அகாடமி விருது. 2021 மே மாதம், 98-வது வயதில் மறையும் வரை எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

ஓர் ஊரில் நான்கு விருது

கோவில்பட்டி வட்டாரத்தின் கணக்கைப் பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். 1970-ல் கு.அழகிரிசாமி, 1991-ல் கி.ரா, 2014-ல் பூமணி, 2019-ல் சோ.தர்மன் என்று நான்கு பேர் சாகித்ய அகாடமி விருது பெற்றிருக்கிறார்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன ஊர் இது.

இதில் சோ.தர்மன், இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானவர். உருளைகுடிக்காரர். நூற்பாலையில் தொழிலாளியாக நீண்ட காலம் வேலை பார்த்தவர். சிறுகதைகள் எழுதிக்கொண்டிருந்தவரின் முதல் நாவலான 'தூர்வை' 1996-ல் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். 'சூல்' வந்தது 2016-ல், அறுபதைத் தாண்டிய பிறகு. ஒரு கண்மாயும் அதை நம்பி வாழ்ந்த ஊரும் எப்படி இருந்தன, எப்படி ஆயின என்பதுதான் 'சூல்'. கண்மாயில் தண்ணீர் நின்ற காலத்தையும், அது தூர்ந்துபோன காலத்தையும் இரண்டையுமே கண்ணால் பார்த்த வயது அதற்கு வேண்டியிருந்தது.

பூமணி முப்பதுகளிலேயே 'பிறகு' நாவலை எழுதிவிட்டவர். ஆனால், அவருடைய ஆகப் பெரிய நாவலான 'அஞ்ஞாடி...' கூட்டுறவுத் துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்புதான் 2012-ல் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல்!

ஒரே வட்டாரத்தில் இத்தனை பேர் எப்படி? தண்ணீரில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், தண்ணீரே அங்கே குறைவு. இருந்ததெல்லாம் பேச்சுதான். கவிஞர் தேவதச்சன் அங்கே நகைக்கடை வைத்திருக்கிறார். அவரைத் தேடி வந்து மணிக்கணக்கில் பேசிய இளைஞர்கள் பின்னாளில் தமிழின் முக்கியமான எழுத்தாளர்கள் ஆனார்கள். டீக்கடை, வீட்டுத் திண்ணை, ராத்திரி மைதானம் என்று ஒரு கூட்டம் எப்போதும் எங்காவது உட்கார்ந்து புத்தகங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சண்டைக்குள் நுழைய வயது வரம்பு கிடையாது. மில் தொழிலாளியும் தபால் ஊழியரும் கல்லூரி மாணவரும் ஒரே வரிசையில் உட்காரலாம்.

மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே...

கோவில்பட்டியைத் தாண்டியும் இப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், பள்ளியில் மலையாளம் படித்தவர். பிழைப்புக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-ல் புத்தகமானபோது நாற்பதுகளில் இருந்தார். கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதிய அந்த வியாபாரிக்கு 1997-ல் 'சாய்வு நாற்காலி'க்காக சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. தமிழை முறையாகப் பள்ளியில் படிக்காதது அவருக்குக் குறையாகவே இல்லை. தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு அவருடைய காதில் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

கப்பல் துறையில் வேலை பார்த்த உவரிக்காரர் ஜோ டி குருஸ். 'ஆழி சூழ் உலகு' 2004-ல் வந்தபோது நாற்பதைக் கடந்திருந்தார். கட்டுமரத்தில் போகிறவர்களின் வாழ்க்கையை, மீன்களின் பெயர், காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர் உட்பட உள்ளிருந்து சொன்ன அந்த நாவலை எழுத, அந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவர்தான் வர வேண்டியிருந்தது. 2013-ல் 'கொற்கை'க்காக அவருக்கும் விருது.

திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த ஹெப்சிபா ஜேசுதாசனை இன்றைய தலைமுறைக்குச் சட்டென்று தெரியாது. 1964-ல் 'புத்தம் வீடு' வந்தபோது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். குமரி மாவட்டத்துப் பனைவிளையில் நடக்கும் ஒரு குடும்பத்தின் கதை. ஒரு பெண் வளர்ந்ததும் வீட்டுக்குள்ளேயே அடைக்கப்படுவதை, கோபமாகக் கத்தாமல், அவர் சொன்ன விதம் இன்றைக்கும் படிக்கிறவர்களைக் கலங்கடிக்கும். கல்லூரி வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே ஒரு பெண் 1960-களில் நாவல் எழுதினார் என்பதைத் தனியாக யோசித்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கும் வீட்டில் ஓர் ஆண் எழுத உட்கார்ந்தால் டீ வரும். ஒரு பெண் எழுத உட்கார்ந்தால், 'டீ போடலையா?' என்ற கேள்விதான் வரும்.

இங்கிலாந்தில் பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒருவர். குடும்பத்தோடு குடியிருந்த படகுவீடு தேம்ஸ் நதியில் மூழ்கிப்போகிற அளவுக்குக் கஷ்டப்பட்ட பள்ளி ஆசிரியை. நோயில் படுத்திருந்த கணவரைச் சிரிக்க வைப்பதற்காக ஒரு துப்பறியும் கதையை எழுத ஆரம்பித்தார். அது 1977-ல் நாவலாக வந்தபோது அவருக்கு 60 வயது, கணவர் உயிரோடு இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தப் படகுவீட்டு வாழ்க்கையை வைத்து எழுதிய 'ஆஃப்ஷோர்' நாவலுக்கு புக்கர் பரிசு கிடைத்தது.

30 நாள், 50,000 வார்த்தை

வட்டத்தொட்டியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் அது நட்பு. அதுவே லட்சக்கணக்கான பேரானால்? அமெரிக்காவில் அப்படி ஒன்று நடந்தது. 1999-ம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்ற இளைஞர் தன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, 'ஒரே மாதத்தில் ஆளுக்கு ஒரு நாவல்' என்று பந்தயம் கட்டினார். கலந்துகொண்டவர்கள் மொத்தம் 21 பேர். இலக்கு 50,000 வார்த்தை. நாளொன்றுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,667 வார்த்தை. நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது, முடித்தால் போதும். அடுத்த ஆண்டிலிருந்து நவம்பர் மாதத்துக்கு மாறியது. 'நானோரைமோ' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்த விளையாட்டு உலகமெங்கும் பரவியது. இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள், வங்கி ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள் என எழுத்தாளர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டவர்கள் எல்லாம் நவம்பரில் எழுத்தாளர்கள் ஆனார்கள். சினிமாவாகவும் வந்த 'வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்' நாவலின் முதல் வரைவு இப்படி ஒரு நவம்பரில் எழுதப்பட்டதுதான்.

அந்த அமைப்பு இன்று இல்லை. 2023-ல், சிறார் பாதுகாப்பு தொடர்பான புகார்களை நிர்வாகம் சரியாகக் கையாளவில்லை என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். 2024-ல், ஏ.ஐ துணையோடு எழுதுவதை ஒட்டுமொத்தமாக எதிர்ப்பது சரியல்ல என்று நிர்வாகம் சொல்லப்போக, அதன் எழுத்தாளர் குழுவில் இருந்தவர்களே விலகினார்கள். பணமும் இல்லாமல் போய், 2025 மார்ச் இறுதியில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். தன் கையால் ஒரு கதையை முடிக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர்களிடம், 'இயந்திரம் எழுதினாலும் பரவாயில்லை' என்கிற தொனியில் பேசினால் அவர்கள் எதற்காக இருப்பார்கள்? வெளியேறியவர்கள் பலர் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து, நவம்பரில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் இந்த 50,000 கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் நான்கைந்து வார்த்தைகளில் சொல்வதைத் தமிழ் 'சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். அதே அளவு கதை, தமிழில் குறைவான வார்த்தைகளில் அடங்கிவிடும். தினமும் 300 வார்த்தை என்று வைத்துக்கொண்டாலே நூறு நாளில் 30,000 வார்த்தை, ஒரு சின்ன நாவல். 300 வார்த்தை என்பது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கல்யாண விவகாரத்துக்கு நடக்கும் விவாதத்தைவிடக் குறைவு.

போனில் எழுதலாமா என்பது பலருடைய கேள்வி. தாராளமாக எழுதலாம். இன்று தமிழில் தொடர்கதை எழுதும் பெண்களில் நிறைய பேர் போனில்தான் எழுதுகிறார்கள். குக்கர் மூன்று விசில் விடுகிற நேரத்தில் ஒரு பத்தி எழுதிவிடலாம் என்பது அதன் வசதி. தட்டச்சு வராதவர்களுக்குக் குரலில் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஒன்றே ஒன்று, வட்டார வழக்கு என்றால் அது தடுமாறும். 'வந்துக்கிட்டு இருந்தாக' என்று சொன்னால், அதைத் திருத்துகிறேன் பேர்வழி என்று வேறு ஏதாவது எழுதி வைக்கும். கி.ரா வாழ்நாள் முழுக்கப் போராடிக் காப்பாற்றிய சொற்களை ஒரு மென்பொருள் ஒரே நொடியில் பாடப்புத்தகத் தமிழாக்கிவிடும். அதனால், சொல்லி எழுதியதை ஒருமுறையாவது கண்ணால் படித்துத் திருத்துவது அவசியம்.

முதல் வாசகர் வீட்டுக்காரராக இருக்கலாமா?

எழுதி முடித்ததும் எல்லாரும் முதலில் நீட்டுவது கணவரிடம், மனைவியிடம், அல்லது வளர்ந்த பிள்ளையிடம். இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, 'சூப்பரா இருக்கும்மா' என்று படிக்காமலே சொல்வது. இன்னொன்று, 'இந்த மாமியார் கேரக்டர் எங்கம்மாதானே?' என்று சண்டைக்கு வருவது. இரண்டுமே எழுத்துக்கு உதவாது. நடுவயதில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய சங்கடம். அவர்களிடம் இருக்கும் சரக்கெல்லாம் வாழ்க்கையிலிருந்து வந்தது. அந்த வாழ்க்கையில் இருந்தவர்கள் எல்லாம் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்கள். சொத்துத் தகராறு, ஓடிப்போன அத்தை, சொல்லாமல் மறைத்த நோய் என எதைத் தொட்டாலும் யாருக்காவது வலிக்கும். எத்தனையோ நாவல்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

அதற்குத்தான் வெளியே ஒரு வட்டம் வேண்டியிருக்கிறது. மாமியாரையும் அத்தையையும் தெரியாதவர்கள், கதையைக் கதையாக மட்டும் படிக்கிறவர்கள். 'இந்த மூன்றாவது அத்தியாயத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது' என்று சொல்லக்கூடியவர்கள். வாரத்தில் ஒரு நாள், நான்கைந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிப்பது நல்ல முறை. வாய்விட்டுப் படிக்கும்போது எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை என்று படிக்கிறவருக்கே தெரிந்துவிடும். வட்டத்தொட்டியில் கம்பனுக்குச் செய்ததை நம் கதைக்கும் செய்து பார்க்கலாம்.

பிரதிலிபி போன்ற செயலிகள் இன்னொரு வகை வட்டம். அத்தியாயம் போட்ட அன்று ராத்திரியே வாசகர்கள் கருத்து எழுதிவிடுவார்கள். ஐம்பது ஆண்டுகள் யாருமே கவனிக்காத ஒருவருக்கு, 'அடுத்த பகுதி எப்போ சிஸ்டர்?' என்ற ஒரு வரி தருகிற உற்சாகத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால், அதே வரி கதையை இழுத்தும் விடும். நாயகனும் நாயகியும் 40-வது அத்தியாயத்தில் சேர வேண்டும், வாசகர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக 120 வரை பிரித்து வைத்த கதைகள் நிறைய. கைதட்டல் மட்டுமே கிடைக்கும் இடத்தில் நீண்ட நாள் இருப்பது எழுதுகிறவருக்கு நல்லதில்லை.

ஐ.எஸ்.பி.என் இலவசம்தான்!

எழுதி முடித்த பிறகு வருகிறது பணம் பறிக்கும் படலம். 'உங்கள் நாவலை நாங்கள் வெளியிடுகிறோம்' என்று சமூக வலைதளங்களில் விளம்பரம் வரும். போன் செய்தால், 'பேக்கேஜ்' என்று ஆரம்பிப்பார்கள். அட்டைப்படத்துக்கு இவ்வளவு, திருத்தத்துக்கு இவ்வளவு, ஐ.எஸ்.பி.என் எண்ணுக்கு இவ்வளவு, 'சிறந்த எழுத்தாளர்' விருதுக்கு இவ்வளவு. நூறு பேரிடம் பணம் வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு, எல்லாரையும் 'இணை ஆசிரியர்' ஆக்குகிற தொகுப்புகளும் உண்டு. அந்தத் தொகுப்பை வாங்குகிறவர்கள் அதில் எழுதிய நூறு பேர் மட்டுமே. பி.எஃப் பணத்தில் கை வைத்தவர்களும், நகையை அடகு வைத்தவர்களும், வந்து இறங்கிய புத்தகக் கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் ஐ.எஸ்.பி.என் எண்ணை, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணம் இல்லாமல் தருகிறது. எழுத்தாளரே தன் பெயரில் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமையும் அப்படித்தான். எழுதிய நொடியிலேயே அது எழுதியவருக்குச் சொந்தம். பதிவு செய்வது கட்டாயமில்லை. 'காப்பிரைட் வாங்கித் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் சந்தேகப்பட வேண்டும். எழுத்தாளரின் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும் என்பதால், கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் உரிமையை நிரந்தரமாக எழுதிக் கேட்கிறார்களா என்று பார்ப்பதுதான் முக்கியம். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூலைப் போட எந்தக் கட்டணமும் இல்லை. அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால், இப்போதெல்லாம் தேவைக்கேற்ப ஐம்பது, நூறு பிரதிகள்கூட அச்சிட முடிகிறது. ஆயிரம் பிரதிகளுக்கு முன்பணம் கேட்பவரிடம், 'எதற்கு ஆயிரம்?' என்று கேட்டுப் பார்க்கலாம்.

நல்ல பதிப்பாளர்கள் எழுத்தாளரிடம் பணம் கேட்பதில்லை. பதில் சொல்ல மாதக்கணக்கில் ஆகும், வேண்டாம் என்றும் சொல்வார்கள். ஐம்பது வயதில் ஒரு 'வேண்டாம்' கடிதம் வாங்குவது கல்லூரிப் பிள்ளை வாங்குவதைவிட அதிகமாகவே வலிக்கும். இன்னொரு பத்து ஆண்டு கையில் இருக்கிறதா என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வயது அது. அந்த நேரத்திலும் அந்த நான்கைந்து பேர் கொண்ட வட்டம்தான் துணை. அதில் ஏற்கெனவே மூன்று 'வேண்டாம்' வாங்கிய ஒருவர் கட்டாயம் இருப்பார், அவர் டீ வாங்கிக் கொடுப்பார்.

வட்டத்தை எங்கே தேடுவது என்று கேட்பவர்கள், முதலில் தங்கள் ஊர் கிளை நூலகத்துக்குப் போகலாம். பொது நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது, சில இடங்களில் பெயருக்கு, சில இடங்களில் உண்மையாகவே. மாவட்டத் தலைநகரங்களில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், கலை இலக்கியப் பெருமன்றம் ஆகியவற்றின் கூட்டங்கள் நடக்கும். கொள்கை ஒத்துப்போகாதவர்கள்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம், யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாக்களில் மேடைப் பேச்சு முடிந்த பிறகு, பதிப்பக அரங்குகளின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஐந்தாவது நாற்காலி கேட்டால் கிடைக்கும்.